உடம்பு இளைக்க டப்பா மாத்திரையா? வீட்டுப் பழக்கமா?



திருமணத்தன்று எடுத்த போட்டோ உங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருக்கும். இருவரும் ஒரு நிமிடம் அதன் முன் நின்று பாருங்கள். அன்றிருந்த இடுப்பு இன்று இருக்கிறதா? பல வீடுகளில் இல்லை. 2019-21-ல் நடந்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 40 பேரும், ஆண்களில் 100-க்கு 37 பேரும் இருக்க வேண்டிய எடைக்கு மேல் இருக்கிறார்கள். பட்டணத்தார் கவலை என்று ஒரு காலத்தில் நாம் ஒதுக்கி வைத்தது இன்று நம் ஊர்த் திண்ணையிலும் வந்து உட்கார்ந்து விட்டது.

அதிக எடை அழகை மட்டும் கெடுப்பதல்ல. சர்க்கரை வியாதி, இரத்த அழுத்தம், மாரடைப்பு, முழங்கால் வலி இவற்றுக்கெல்லாம் அது வழி விடுகிறது. பெண்களுக்கு மாதவிலக்கு தவறுவதும், கர்ப்ப காலத்தில் சர்க்கரையும் அழுத்தமும் ஏறுவதும் இதனால் கூடுகிறது. ஆகவே எடையைக் குறைக்க நினைப்பது நல்லதே. எப்படிக் குறைப்பது என்பதில்தான் பலரும் ஏமாந்து போகிறார்கள்.

துணை சுகாதார நிலையத்தில் ஒரு காலை

ஒரு கிராமத்தில் நடந்ததாக இதை வைத்துக் கொள்ளுங்கள். முப்பத்திரண்டு வயது அம்மா ஒருவர், கணவருடன் துணை சுகாதார நிலையத்துக்கு வந்தார். முகம் வாடியிருந்தது. நெஞ்சு படபடக்கிறது, இராத்திரி தூக்கமே இல்லை என்றார். நர்சம்மா இரத்த அழுத்தம் பார்த்தார். 150/96 இருந்தது.

"போன மாசம் நல்லாத்தானேம்மா இருந்தே? புதுசா ஏதாவது மாத்திரை சாப்பிடறியா?"

அந்த அம்மா கணவரைப் பார்த்தார். பிறகு மஞ்சப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேசை மேல் வைத்தார். "தங்கச்சிக்கு ரெண்டு மாசத்துல கல்யாணம், நர்சம்மா. அதுக்குள்ள கொஞ்சம் இளைக்கலாம்னு... பத்து நாள்ல பத்து கிலோ குறையும்னு சொன்னாங்க. மூலிகைதானாம், பக்க விளைவே இல்லையாம். தொள்ளாயிரம் ரூபா."

"என்கிட்டகூட சொல்லலீங்கம்மா இவ," என்றார் கணவர்.

நர்சம்மா டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மூடியில் ஒல்லியான பெண்ணின் படம் இருந்தது. உள்ளே என்ன மருந்து என்று எழுதவில்லை. தயாரித்தவர் முகவரி இல்லை, லைசென்ஸ் எண் இல்லை, காலாவதி தேதியும் இல்லை.

"இனிமே ஒண்ணுகூடப் போடாதேம்மா. டப்பாவத் தூக்கிப் போட்டுடாதே. அதையும் எடுத்துக்கிட்டு இன்னிக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் டாக்டரப் பாருங்க. சரி, இப்ப ரெண்டு பேரும் இப்படி நில்லுங்க."

"எனக்கு எதுக்குங்கம்மா? இவதானே குண்டு?" என்று சிரித்தார் கணவர்.

நர்சம்மா ஒரு சணல் கயிற்றை எடுத்தார். தலை முதல் கால் வரை அந்த அம்மாவின் உயரத்துக்கு அளந்து வெட்டினார். அதை இரண்டாக மடித்து இடுப்பைச் சுற்றினார். முனைகள் சேரவில்லை, நான்கு விரற்கடைக்கு மேல் இடைவெளி நின்றது. அடுத்து கணவரின் உயரத்துக்கு ஒரு கயிறு. மடித்துச் சுற்றினால் அங்கே இடைவெளி இன்னும் பெரிது! "பாத்தீங்களா? தொப்பை உங்களுக்குத்தான் ஜாஸ்தி. பொம்பளைக்கு வந்தா குண்டு, ஆம்பளைக்கு வந்தா வசதியா?" என்றார் நர்சம்மா.

நீங்களும் இன்றே இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். உயரத்தில் பாதிக்குள் இடுப்பு அடங்க வேண்டும். டேப் இருந்தால், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பதை எல்லையாகக் கொள்ளலாம். விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்ட பிறகு, வயிற்றை எக்காமல் அளக்க வேண்டும்.

மறுநாள் வெறும் வயிற்றில் கணவரின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சர்க்கரை 118 இருந்தது. இது இன்னும் சர்க்கரை வியாதி ஆகிவிடவில்லை, ஆனால் அதன் வாசற்படி. எந்தத் தொந்தரவும் இல்லாமல், "இவதானே குண்டு" என்று சிரித்தவருக்கு இந்தச் செய்தி!

எடை எப்படி ஏறியது?

நம் தாத்தா பாட்டி நம்மைவிட அதிகமாகச் சோறு சாப்பிட்டார்கள், அவர்கள் ஏன் பருக்கவில்லை? ஏற்றம் இறைத்தார்கள், ஏர் ஓட்டினார்கள், நெல் குத்தினார்கள், குடத்தைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். இன்று தண்ணீரை மோட்டார் இறைக்கிறது, உழவை டிராக்டர் பார்க்கிறது, அறுவடைக்கு மெஷின் வருகிறது, மாவை கிரைண்டர் ஆட்டுகிறது, கடைத்தெருவுக்கு வண்டி போகிறது. வேலையெல்லாம் மெஷினுக்குப் போய்விட்டது. சாப்பாடு மட்டும் அப்படியே நம்மிடம் இருக்கிறது. அதோடு வடை, பஜ்ஜி, பாக்கெட் தீனி, கலர் என்று கூடுதலாகவும் சேர்ந்து விட்டது.

டீயை மட்டும் எடுத்துக் கொள்ளுங்கள். நாளைக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் சர்க்கரை. ஒரு ஸ்பூன் 5 கிராம். நாளைக்கு 40 கிராம், மாதத்துக்கு 1 கிலோ 200 கிராம். கணவன் மனைவி இருவரும் குடித்தால் மாதம் 2 கிலோ 400 கிராம் சர்க்கரை டீ வழியாக மட்டுமே உள்ளே போகிறது!

"ஆபரேஷன் பண்ணினதால உடம்பு போட்டுடுச்சு"

இந்த அம்மாவும் இப்படித்தான் சொன்னார். இரண்டாவது குழந்தைக்குப் பிறகு குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து கொண்டவர் அவர். ஊரில் பலரும் நம்பும் இந்தப் பேச்சில் உண்மை இல்லை. அந்த ஆபரேஷனில் கருக்குழாயை மட்டுமே அடைக்கிறார்கள். சினைப்பை அப்படியே இருக்கிறது, அதில் சுரக்கும் ஹார்மோன்களும் அப்படியே இருக்கின்றன. ஆண்கள் செய்து கொள்ளும் ஆபரேஷனும் இதே போலத்தான். பிரசவத்துக்குப் பின் ஓய்வு, நெய்யும் பலகாரமுமாகக் கவனிப்பு, குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்காமல் தாய் சாப்பிடுவது, கூடவே வயதும் ஏறுவது இவைதான் காரணம்.

காப்பர்-டி-யில் ஹார்மோன் கிடையாது, அதனால் எடை ஏறாது. கருத்தடை மாத்திரையால் பெரிதாக எடை ஏறும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் கருத்தடை ஊசியில் மட்டும் சிலருக்கு எடை கூடுவதுண்டு. அப்படித் தோன்றினால் நீங்களாக நிறுத்திவிடாமல் நர்சம்மாவிடம் சொல்லுங்கள். வேறு முறைக்கு மாறிக் கொள்ளலாம்.

டப்பா மாத்திரையின் கதை

உடம்பு இளைக்க மாத்திரை தேடுவது இன்று நேற்று தொடங்கியதல்ல. 1933 வாக்கில் அமெரிக்காவில் டைநைட்ரோபீனால் என்ற மருந்து பரவியது. அது உடம்பை உள்ளுக்குள் அடுப்பாக எரித்தது. எடை குறைந்தது உண்மைதான். ஆனால் கடும் காய்ச்சல் கண்டு சிலர் மாண்டார்கள், சிலர் கண்ணில் புரை விழுந்து பார்வை இழந்தார்கள். 1938-ல் அதை நிறுத்தினார்கள். பின்னர் வந்த பென்புளூரமின் இதய வால்வுகளைப் பாதித்ததால், 1997-ல் எடை குறைப்பு மருந்து என்ற இடத்திலிருந்து விலக்கப்பட்டது. அடுத்தது சிபுட்ரமின். மாரடைப்பும் பக்கவாதமும் கூடுவதைக் கண்டு 2010-ல் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நிறுத்தினார்கள். 2011-ல் இந்திய அரசும் தடை செய்தது.

தடை செய்ததோடு கதை முடியவில்லை. "மூலிகை", "இயற்கை" என்று எழுதிய டப்பாக்களைப் பல நாடுகளில் சோதித்தபோது, அதே சிபுட்ரமின் இரகசியமாகக் கலந்திருப்பது தெரிய வந்தது. இன்னும் சிலவற்றில் சிறுநீர் போக்கும் மருந்தையும் பேதி மருந்தையும் சேர்க்கிறார்கள். தராசில் எடை இறங்கும். இறங்கியது தண்ணீர், கொழுப்பு அல்ல. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் எடை திரும்பி வரும், அதற்குள் சிறுநீரகம் களைத்துப் போகும். சிலர் தைராய்டு மாத்திரையை வாங்கிப் போடுகிறார்கள். தைராய்டு குறை உள்ளவருக்கு அது அவசிய மருந்து. குறை இல்லாதவருக்கு நெஞ்சுப் படபடப்பும் எலும்புத் தேய்வும்தான் கூலி.

"பத்து நாளில் பத்து கிலோ" என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி இருக்கிறது. பத்து கிலோவுக்கு 77,000. ஒரு மனிதர் நாளெல்லாம் செலவழிப்பதே சுமார் 2,500 கலோரி. பத்து நாள் பச்சைத் தண்ணீர் மட்டும் குடித்துக் கிடந்தாலும் 25,000 கலோரிதான் தீரும். அது மூன்று கிலோ கொழுப்புக்குச் சற்று மேல், அவ்வளவே. மீதி ஏழு கிலோவுக்கு அந்த டப்பா எங்கே போகும்?

டாக்டர் எழுதிக் கொடுக்கும் மருந்து வேறு

எடை மிக அதிகமாகி, கூடவே சர்க்கரை, அழுத்தம் போன்றவையும் உள்ளவர்களுக்கு டாக்டர்கள் மருந்து கொடுப்பதுண்டு. ஆர்லிஸ்டாட் என்னும் மருந்து, சாப்பாட்டிலுள்ள கொழுப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு உடம்பில் சேராமல் வெளியேறச் செய்கிறது. எண்ணெய்ப் பலகாரம் தின்றுவிட்டு இதைப் போட்டால் எண்ணெயாகவே பேதி போகும். வாரம் ஒருமுறை போடும் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகள் இப்போது வந்திருக்கின்றன. இவை பசியை அடக்கி எடையை நன்றாகக் குறைக்கின்றன என்பது உண்மை. குமட்டல், வாந்தி சிலருக்கு வரும். ஆனால் 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், செமாகுளூடைடு ஊசியை நிறுத்தி ஓராண்டு ஆனதும், குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது. எந்த மருந்தானாலும், சாப்பாட்டு முறையும் நடையும் கூடவே இருந்தால்தான் பலன் என்று சொல்லியே டாக்டர்கள் கொடுக்கிறார்கள்.

தம்பதியர் இதைக் கட்டாயம் அறிய வேண்டும்:

1. கர்ப்பிணிகளும், குழந்தைக்குத் திட்டமிடுபவர்களும் எடை குறைக்கும் மருந்து எதையும் தொடக்கூடாது. ஊசி போடுபவர் குழந்தை வேண்டுமென்று நினைத்தால் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும். செமாகுளூடைடு ஊசியைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும்.

2. டிர்செபடைடு ஊசி, வாய்வழிக் கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைக்கக் கூடும். ஊசி தொடங்கிய நான்கு வாரமும், அளவைக் கூட்டும்போதெல்லாம் நான்கு வாரமும் ஆணுறையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். எந்த மருந்தாலும் கடும் பேதியானாலும் அப்படியே.

3. எடை குறையக் குறைய, தவறிக் கொண்டிருந்த மாதவிலக்கு சீராகலாம். "எனக்குத்தான் நிக்காதே" என்று அசட்டையாக இருந்துவிடாதீர்கள். குழந்தை வேண்டுமென்பவர்களுக்கு இது நல்ல செய்தி. வேண்டாமென்பவர்கள் கருத்தடை முறையை விடக்கூடாது.

சென்னையில் கண்ட உண்மை

சர்க்கரை வியாதியின் வாசற்படியில் நிற்பவர்களை வைத்துச் சென்னையில் டாக்டர் அ. ராமச்சந்திரன் குழுவினர் ஓர் ஆய்வு நடத்தினார்கள். 2006-ல் அது வெளியாயிற்று. 531 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான அறிவுரை மட்டும். இரண்டாம் பிரிவுக்கு உணவு மாற்றமும் நடையும். மூன்றாம் பிரிவுக்கு மெட்பார்மின் மாத்திரை. நான்காம் பிரிவுக்கு மாத்திரை, பழக்க மாற்றம் இரண்டும். (மெட்பார்மின் சர்க்கரைக்கான மருந்து, இளைக்கும் மாத்திரை அல்ல.)

முதல் பிரிவில் மூன்றாண்டுக்குள் 100-க்கு 55 பேருக்கு சர்க்கரை வியாதி வந்துவிட்டது. மற்ற மூன்று பிரிவுகளிலும் 100-க்கு சுமார் 40 பேருக்கே வந்தது. அதாவது மாத்திரை எவ்வளவு காத்ததோ, அவ்வளவு நடையும் உணவும் காத்தன. அதிலும் ஒரு விசேஷம், எடை பெரிதாக இறங்காமலேயே இந்தப் பலன் கிடைத்தது. ஆகவே தராசு முள் அசையவில்லையே என்று மனம் தளர்ந்து நடையை நிறுத்தி விடாதீர்கள்.

வீட்டில் செய்ய வேண்டியவை

கணவருக்கு ஒரு சமையல், மனைவிக்கு ஒரு சமையல் என்று நம் வீடுகளில் நடக்காது. ஒரே உலைதான். ஆகையால் மாற்றமும் இருவருக்கும் சேர்த்தே இருக்க வேண்டும்.

தட்டு: தட்டில் பாதி காய்கறியும் கீரையும். கால் பங்கு சோறு. கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். முதலில் காயை வைத்துக் கொண்டு பிறகு சோறு போடுங்கள். முருங்கைக் கீரை, சுரைக்காய், புடலங்காய், பீர்க்கங்காய் நம் கொல்லையில் காய்ப்பவைதானே? கேழ்வரகு, கம்பு நல்லவை, சீக்கிரம் பசிக்காது. ஆனால் களி என்றால் எவ்வளவும் தின்னலாம் என்பதில்லை. அதற்கும் அளவு உண்டு.

எண்ணெய்: ஆளுக்கு மாதம் அரை லிட்டர் போதும். நான்கு பேர் வீட்டுக்கு 2 லிட்டர். மாத ஆரம்பத்தில் அளந்து தனியே வைத்து விடுங்கள். வடை பஜ்ஜி வாரம் ஒரு நாள் போதும்.

டீ: இரண்டு ஸ்பூனை ஒன்றாக்குங்கள், நான்கு டீயை இரண்டாக்குங்கள். இதிலேயே நாளைக்கு 6 ஸ்பூன், அதாவது 120 கலோரி மிச்சம். நாட்டுச் சர்க்கரை, வெல்லம், தேன் என்று மாற்றுவதால் கணக்கு மாறாது.

நடை: நாளைக்கு 30 நிமிடம், வாரம் 5 நாள், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்கிற வேகத்தில். வயலில் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து வேலை செய்பவருக்கு அதுவே உடற்பயிற்சி. வேலை இல்லாத நாட்களில் நடக்கட்டும். மனைவி இருட்டில் தனியே நடக்கத் தயங்குவார். கணவர் கூடப் போகலாம். ஊர் நாலு நாள் பேசும், ஐந்தாம் நாள் அதுவும் கூட நடக்க வரும்.

பட்டினி வேண்டாம்: காலைச் சாப்பாட்டை விடுவது, ஒரு வேளை மட்டும் உண்பது இவையெல்லாம் இரத்த சோகையில் கொண்டு விடும். இராச் சாப்பாட்டை எட்டு மணிக்குள் முடித்தால், டி.வி. முன் உட்கார்ந்து கொறிப்பதும் குறையும்.

மது: ஆண்களே, சாராயத்திலும் கலோரி உண்டு. கூட வரும் வறுவலிலும் உண்டு. இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இப்படி நாளைக்கு 250 கலோரி குறைந்தால் மாதம் ஏறக்குறைய ஒரு கிலோ இறங்கும். 70 கிலோ உள்ளவர் மூன்றரை கிலோ குறைத்தாலே சர்க்கரையும் அழுத்தமும் இறங்கத் தொடங்கும்.

யார் எடையைக் குறைக்கக் கூடாது?

கர்ப்பிணிகள் இளைக்க முயலக் கூடாது. பாலூட்டும் தாய் பட்டினி கிடக்கக் கூடாது. ஒல்லியாக இருப்பவர்கள் இந்த வழியில் இறங்க வேண்டியதே இல்லை. எந்த முயற்சியும் செய்யாமல் எடை தானாகக் குறைந்தால் மகிழ வேண்டாம். சர்க்கரை வியாதியோ காசநோயோ இருக்கலாம், உடனே பரிசோதனை செய்து கொள்ளுங்கள். சர்க்கரைக்கோ அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள், நடக்க ஆரம்பித்து விட்டோம் என்று தாமாக அதை நிறுத்தக் கூடாது.

பிறகு என்ன ஆயிற்று?

அந்த அம்மா டப்பாவை விட்டார். சில நாட்களில் படபடப்பு நின்றது, தூக்கம் வந்தது. அடுத்த மாதம் அழுத்தம் 126/82. தங்கை கல்யாணத்துக்குள் பெரிதாக ஒன்றும் இளைக்கவில்லை, ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்துத்தான் கட்டிக் கொண்டு போனார். ஆனால் ஆறு மாதம் கழித்து அவர் 72 கிலோவிலிருந்து 68-க்கு வந்தார். கணவர் 81-லிருந்து 76. சர்க்கரை 104.

"எப்படிங்க ரெண்டு பேரும் விடாம நடக்கறீங்க?" என்று நர்சம்மா கேட்டார்.

"நான் வரலேன்னா இவ தனியா போகணுமேன்னு நான் எந்திரிப்பேன். நான் எந்திரிச்சுட்டேனேன்னு இவ எந்திரிப்பா. அதுலயே ஓடுதுங்கம்மா," என்றார் கணவர். "கல்யாணம் ஆன புதுசுல பேசினோம். அப்புறம் இப்பத்தான் பேசிக்கிட்டே நடக்கிறோம்," என்றார் அந்த அம்மா.

தம்பதியரே! ஏறிய எடை ஒரே நாளில் ஏறவில்லை, ஒரே மாத்திரையில் இறங்கவும் செய்யாது. இன்று மாலை ஒரு கயிறு எடுங்கள். ஒருவர் இடுப்பை ஒருவர் அளந்து பாருங்கள். அடுத்த முறை நர்சம்மா வரும்போது இருவரும் எடை, அழுத்தம், சர்க்கரை பார்த்துக் கொள்ளுங்கள்.

நினைவில் வையுங்கள்:
பெயர் தெரியாத மாத்திரை பிணியைத் தரும்.
அளவான உணவும் சேர்ந்த நடையும் நலம் தரும்.

படித்த பின் அடுத்த வீட்டாருக்கும் கொடுங்கள்.